சொன்முகிலும் தமிழாசிரியனும்

முகிலைக் கண்டு காலம் அறிதல் கடற்கரை மக்களுக்குப் பிறப்போடு வந்த கல்வி. குறிஞ்சிப்பிட்டிச் சிறுவன் ஒருவன், மேல்வானில் எழும் கருமுகில் மழையைத் தருமா, வெறுங் காற்றாய்க் கழியுமா என்பதைப் பாடசாலைக்கு வருமுன்னரே கற்றுவிடுகிறான். ஒருபுறம் புத்தளக் களப்பும் மறுபுறம் பெருங்கடலும் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாட்டில் இவ்வறிவின்றி வாழ்தல் அரிது. பெயரால் குறிஞ்சியும் நிலத்தால் நெய்தலுமாகிய இவ்வூரிலே தமிழ் கற்பிக்கும் எனக்கு, அண்மைக் காலத்தில் வேறொரு முகிலைப் பற்றியும் சிந்திக்க நேர்ந்தது. அதுவே சொன்முகில்.

ஒரு கட்டுரையையோ நூலையோ கணினியில் இட்டால், அதிலுள்ள சொற்களை அது எண்ணும். பன்முறை வருவதைப் பெரிய எழுத்திலும் அருகி வருவதைச் சிறிய எழுத்திலும் அமைத்து, பல வண்ணங்களில் ஒன்றோடொன்று நெருக்கி ஒரு படமாகத் தரும். அப்படமே சொன்முகில் எனப்படுவது. சொல்மேகம் என்பாரும் உளர். சொல்லும் முகிலும் புணர்ந்தால் சொன்முகில் ஆம் என்பது இலக்கணம் கற்றார்க்குப் புதிதன்று. ஆயினும் இச்சிறு புணர்ச்சியே பின்னர் ஒரு சாட்சியாக வந்து நிற்கும் என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

இக்கருவியை வகுப்பறைக்கு உற்ற துணை எனப் போற்றுவாரும், வெறும் வண்ண விளையாட்டென இகழ்வாரும் ஆசிரியர் மத்தியில் உளர். யான் இரு சாராரோடும் முற்றாக உடன்படேன். சில ஆண்டுகள் கையாண்டு, அதனாற் பயனும் பெற்று, ஒருமுறை தலைகுனியவும் நேர்ந்தவன் என்னும் உரிமையோடு இம்மதிப்பீட்டை எழுதுகின்றேன்.

இதன் வரலாறு நெடியதன்று. 1976 ஆம் ஆண்டில் ஸ்ரான்லி மில்கிராம் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், பாரிஸ் நகர மக்களிடம் அந்நகரத்து இடங்களைப் பற்றி வினாவி, பலரும் கூறிய இடங்களின் பெயர்களைப் பெரிதாகவும் ஏனையவற்றைச் சிறிதாகவும் ஒரு படத்தில் அமைத்தார். எழுத்தின் அளவால் எண்ணிக்கையைக் காட்டும் முயற்சிகளுள் இது முற்பட்ட ஒன்று. 2004 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிளிக்கர் என்னும் ஒளிப்பட இணையத்தளம் இம்முறையைப் பரப்பியது. 2008 இல் ஜொனதன் ஃபைன்பேர்க் என்பார் ‘வேர்டில்’ என்னும் கருவியை வெளியிட்டபின் உலகெங்கும் ஆசிரியர் கைகளுக்கு இது வந்து சேர்ந்தது. (இன்று அப்பெயரைக் கேட்போர் 2021 இல் பரவத் தொடங்கிய ஐந்தெழுத்து விளையாட்டையே நினைப்பர். அது வேறு, இது வேறு.) பெருந்தொற்றினால் 2020 இல் எம் நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசி வழியே நடந்த காலத்தில், மாணவர் அனுப்பும் சொற்களை உடனுக்குடன் முகிலாக்கும் மென்டிமீற்றர் போன்ற கருவிகள் எம்மவர்க்கும் அறிமுகமாயின. யானும் அக்காலத்திலேதான் இதனைக் கற்றேன்.

குணத்தை முதலில் நோக்குவாம். தரம் 9 மாணவி ஒருத்தியின் கட்டுரையைச் சொன்முகிலாக்கிக் காட்டியபோது, நடுவே மிகப் பெரிதாய் நின்ற சொல் ‘மிகவும்’ என்பது. மிகவும் அழகான கடல், மிகவும் நல்ல அம்மா, மிகவும் பெரிய திருவிழா என்று தான் எழுதிக்கொண்டே போனதை அவள் அதுவரை அறியாள். சிவப்பு மையால் யான் அடிக்கோடிட்ட காலமெல்லாம் அசையாதவள், அப்படத்தைக் கண்டதும் நாணிச் சிரித்தாள். அடுத்த கட்டுரையில் அச்சொல் இரண்டே இடங்களில் வந்தது. எழுதுவோன் தன் நடையைத் தானே காணும் கண்ணாடியாக இக்கருவி உதவும் என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை. புதிய உரைநடைப் பாடமொன்றைத் தொடங்குமுன் அதன் முகிலைக் காட்டி, ‘இஃது எதைப் பற்றியதாய் இருக்கும்?’ என வினாவுதலும் நன்று. வாய் திறவாத பிள்ளைகளும் அவ்வேளையில் ஊகம் கூறத் துணிவர்.

இனிக் குறை. அஃது எழுத்திலேயே தொடங்குகிறது. எம் பாடசாலைகளில் வினாத்தாள்கள் நெடுங்காலமாகப் பாமினி என்னும் எழுத்துருவிலே தட்டச்சாகி வந்துள்ளன. திரையிலே தமிழாய்த் தோன்றும் அவ்வெழுத்துக்கள் கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துக்களே. அத்தகைய கோப்பினைச் சொன்முகிற் கருவியில் இட்டால், பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமே வண்ண வண்ணமாய் வந்து விழும். ஒருங்குறியில் மறுபடியும் தட்டச்சிட்டால் இத்துன்பம் நீங்கும், வேறொன்று தொடரும். பைதன் என்னும் கணினி மொழியில் பலரும் கையாளும் சொன்முகில் நிரல் ஒன்று உண்டு. அதனை மாற்றமெதுவும் செய்யாது இயக்கினால், அஃது உயிர்மெய்க்குரிய குறிகளையும் மெய்யின் புள்ளியையும் எழுத்தென ஏற்பதில்லை. அவை வருமிடந்தோறும் சொல் முடிந்ததெனக் கொண்டு வெட்டிவிடும். வெட்டியபின் தனித்து நிற்கும் ஓரெழுத்தைத் தள்ளிவிடுதலும் உண்டு. ஆகவே ‘கடல்’ புள்ளி இழந்து ‘கடல’ ஆகும். ‘தமிழ்’ என்பது ‘தம’ என்னும் அளவில் நின்றுவிடும்.

பல்கலைக்கழகத்தில் கணினி பயிலும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது இதனை எனக்குக் காட்டினார். அப்படியாயின் எம்மூர்ப் பெயர் வரும் கட்டுரையொன்றை இட்டுப் பாரும் என்றேன். குறிஞ்சிப்பிட்டி என்னும் பெயரில் எழுத்துக்கள் எட்டு. எட்டும் குறியோ புள்ளியோ உடையன, ஒன்றேனும் தப்பவில்லை. ஏனைய சொற்கள் கையும் காலும் இழந்தாவது படத்தில் நிற்க, எம்மூர் அடியோடு மறைந்தது! அம்மாணவர் சிரித்துக்கொண்டே நிரலில் ஒரு வரியைத் திருத்தி, தமிழ் எழுத்துரு ஒன்றையும் சுட்டிக்கொடுக்க, ஊர் மீண்டும் வந்து சேர்ந்தது. மருந்துள்ள நோய் ஆதலின் இதைப் பெரிதுபடுத்தேன். பிறமொழிக்கென அமைந்த அளவுகோலைக் கேள்வியின்றி எடுத்து ஆள்வார் எதை இழக்கின்றனர் என்பதையே அறியாது இழப்பர் என்பதற்காகவே கூறினேன்.

இரண்டாங் குறை ஒரு வரியில் திருத்தத்தக்கதன்று. அது தமிழின் இயல்பைப் பற்றியது. ஆங்கிலத்தில் இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே நிற்பது பெரும்பாலும் ஒரு சொல். தமிழிலோ வேற்றுமை உருபும் சாரியையும் விகுதியும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டியே நிற்கும். கடல், கடலில், கடலோடு, கடலின், கடலும், கடலே என்பவற்றைக் கணினி ஆறு சொல்லென எண்ணும். அம்மட்டோ? கடலைக் கண்டான், கடலைச் சேர்ந்தான், கடலைத் தாண்டினான், கடலைப் பார்த்தான், கடலை நோக்கினான் என ஒருவன் எழுதினால், வல்லினம் மிகுந்த காரணத்தாலும் மிகாத காரணத்தாலும் இரண்டாம் வேற்றுமை ஒன்றே ஐந்தாய்ப் பிரியும். பிழையின்றிச் சந்தியிட்டு எழுதும் மாணவனின் கடல் ஐந்து துண்டாய்ச் சிதற, சந்தியை விட்டெழுதும் மாணவனின் கடல் ஒன்றாய்த் திரண்டு பெரிதாய்த் தோன்றும். இலக்கணம் கற்றவனைத் தண்டித்துக் கல்லாதவனுக்குப் பரிசளிக்கும் கருவி ஒன்றைத் தமிழாசிரியன் ஆராயாது ஏற்றல் தகுமா? முன்னர்க் குறித்த சாட்சியையும் இங்கே அழைக்கலாம்: சொன்முகில் என யான் எழுதிய இடங்களிலெல்லாம் ‘சொல்’ இருக்கிறது என்பதை எக்கணினியும் தானாக உணராது.

இதற்கு மறுதலையான மயக்கமும் உண்டு. தலவில புனித அன்னாள் ஆலயத் திருவிழாவைப் பற்றி எம் பிள்ளைகள் எழுதுகையில் கச்சான் விற்பவரைக் குறியாதார் இலர். கடற்றொழிலைப் பற்றி எழுதுகையில் கச்சான் காற்றைக் குறியாதாரும் இலர். கொறிக்கும் கச்சானும் மேற்கிலிருந்து வீசும் கச்சானும் கணினிக்கு ஒன்றே. கடலுக்கு ஐகார உருபு ஏற்ற ‘கடலை’யும் வறுத்து உண்ணும் கடலையும் அவ்வாறே. தரம் 6 பிள்ளையும் மயங்காத இடத்தில் கருவி மயங்குகிறது. பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துச் சிரித்த நாள் என் வகுப்பின் நல்ல நாட்களுள் ஒன்று.

செய்யுளுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். அச்சிட்ட செய்யுளில் இடைவெளி சீருக்கு உரியது; சொல்லுக்கு உரியதன்று. சீர் நோக்கிச் சொல்லை உடைக்கும் வகையுளி வருமிடத்தில், ஒரு சொல்லின் தலை ஒரு சீரிலும் உடல் மறு சீரிலும் கிடக்கும். எனவே பதம் பிரித்த பின்னரன்றி எண்ணவே இயலாது. பதம் பிரித்தாலும் என்? திருக்குறளின் கல்வி அதிகாரத்து முதற் குறளில் கற்றல் என்னும் ஒரே வினை வெவ்வேறு உருவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அக்குறளின் உயிரே அத்திரும்புதல்தான். உருவம் வேறாதலின் கணினிக்கு அவை தொடர்பற்ற சொற்கள். நன்னூலார் பகுபதத்திற்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புக் கூறினார். அவ்வாறையும் கழற்றிப் பகுதியைக் கண்டவனே தமிழ்ச் சொல்லை எண்ணத் தகுதியுடையவன். இப்பணியைச் செய்ய முயலும் நிரல்கள் இன்று தோன்றியுள்ளன, அவை வளரட்டும். ஆனால் மாணவன் கற்க வேண்டியதும் இதே பணியன்றோ?

மூன்றாவதாகக் கூற வருவதே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. எம்மொழியிலும் சில சொற்களே பன்முறை வரும்; பல சொற்கள் ஓரிரு முறையே வரும். அமெரிக்க அறிஞர் சிஃப் என்பாரின் பெயரால் இவ்வுண்மை வழங்குகிறது. பன்முறை வருவனவோ பெரும்பாலும் ‘ஒரு’, ‘அந்த’, ‘என்று’, ‘உள்ள’ போன்றவை. அவற்றை நீக்காவிடில் முகில் முழுவதையும் அவையே மறைக்கும். ஆதலின் நீக்கற் பட்டியல் ஒன்றைக் கருவிக்குக் கொடுப்பர். அதிலுள்ள சொற்கள் எண்ணப்படுமுன்னரே விலக்கப்படும். பயனற்றவை என இவ்வாறு கழிக்கப்படுவனவற்றை ஒத்த இடைச்சொற்களுக்குத் தொல்காப்பியர் இடையியல் என ஓர் இயலையே ஒதுக்கினார். ‘உம்’ என்னும் ஒன்றிற்கே எட்டுப் பொருள் வகுத்தார். எமது காலம் அவற்றைக் குப்பை என்கிறது.

ஓராண்டு தரம் 10 மாணவருக்கு ‘எங்கள் கரை’ என்னும் தலைப்பில் ஒரு பக்கக் கட்டுரை எழுதப் பணித்தேன். முப்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகள். தட்டச்சில் வல்ல மாணவர் நால்வர் அவற்றை ஒருங்குறியில் ஏற்ற, இணையத்தில் கிடைத்த நீக்கற் பட்டியல் ஒன்றைச் சேர்த்து, வகுப்பு முழுவதுக்குமாக ஒரு சொன்முகில் செய்தோம். கடல், மீன், வலை, அப்பா, வீடு, காற்று எனச் சொற்கள் நீலத்திலும் பச்சையிலும் வந்து நின்ற அழகை என்னென்பேன்! பெரிய தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினோம். வந்தவர் அனைவரும் பாராட்டினர். கடற்றொழிலாளர் பிள்ளைகளின் நெஞ்சை இது காட்டுகிறது என்று ஒருவர் கூற, யானும் அதை ஏற்றுத் தலையசைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, கடைசி வாங்கில் அமரும் மாணவன் ஒருவன் அப்படத்தின் முன் நெடுநேரம் நின்றான். என்ன தேடுகிறாய் என்றேன். “சேர், நான் எழுதின இல்லை இதுல இல்லையே” என்றான்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. கொப்பியை எடுத்து வரச்செய்து வாசித்தேன். அவனுடைய தந்தை சில ஆண்டுகளுக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். கரையிலே தோணி வந்து சேரும்போது அப்பா இல்லை, வீட்டிலே சோறு பரிமாறும்போது அப்பா இல்லை, காற்று மாறும்போது சொல்லித்தர அப்பா இல்லை என அவன் எழுதியிருந்தான். அவ்வொரு பக்கத்தில் அப்பா என்னும் சொல் ஒன்பது இடங்களில் வந்தது. இல்லை என்பது ஐந்து இடங்களில் வந்தது. நீக்கற் பட்டியலில் ‘இல்லை’ இருந்தது. ஆதலின் கருவி அவனுடைய ஒன்பது அப்பாவையும் எடுத்துக்கொண்டு, ஐந்து இல்லையையும் எறிந்துவிட்டது. சுவரிலே அப்பா அவ்வளவு பெரிதாய் நின்றதற்கு, தந்தை இல்லாத அவனும் ஒரு காரணம்.

பட்டியலைக் குறைகூறி யான் தப்பிவிடலாம், அது நேர்மையன்று. முப்பது கட்டுரைகளையும் யான் அதுவரை வாசிக்கவில்லை என்பதே உண்மை. படம் வந்துவிட்டது, பாராட்டும் வந்துவிட்டது, வாசிக்க வேண்டிய தேவை இருப்பதாகவே தோன்றவில்லை. 2011 இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையைச் சேர்ந்த ஜேக்கப் ஹரிஸ் என்பார், ஈராக் போர் ஆவணங்களை ஒருவர் சொன்முகிலாக்கி வெளியிட்டமையைக் கண்டித்து எழுதினார். போரிலே இறந்தோரின் கதையை அம்முகில் ஒரு சிறிதும் கூறவில்லை என்பது அவர் குறை. அவ்வெச்சரிக்கையைப் பின்னர் அறிந்தபோது, எம் வகுப்பறைச் சுவரே என் கண்முன் நின்றது. வாசித்தற்குத் துணையாக வந்த கருவி வாசித்தலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாயின், அஃது எத்துணை அழகியதாயினும் ஆசிரியனுக்குப் பகை.

மிகுதியாக வருவதே முதன்மையானது என்னும் கொள்கையை எம் முன்னோர் அறியாதவரல்லர். ஐங்குறுநூற்றைக் காண்க. அம்மூவனார் பாடிய நெய்தல் நூறு பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டு, ஞாழற் பத்து, வெள்ளாங்குருகுப் பத்து, சிறுவெண்காக்கைப் பத்து, வளைப் பத்து எனத் திரும்பி வரும் சொல்லாற் பெயர் பெற்றுள்ளது. பாட்டுக்களின் இடையே மீளும் சொல்லைக் கண்டு அதனையே தலைப்பாக்கிய அக்கண் சொன்முகிலின் கண்ணே. ஆனால் அவர்கள் அத்தோடு நின்றிலர். வெள்ளாங்குருகுப் பத்தில் பறவை பத்துப் பாட்டிலும் வருகிறது. பேசப்படுவதோ பறவையைப் பற்றியதன்று. தலைவனது ஒழுக்கமும், அதனால் நொந்த தலைவியின் நிலையும் பறவைக்குள் மறைத்துச் சொல்லப்படுகின்றன. இதனை உள்ளுறை என்றனர். முகிலாக்கினால் குருகும் நாரையும் பெரிதாய் வரும். அவ்வருத்தம் எவ்வெழுத்தளவிலும் வராது. பன்முறை வரும் சொல் சில வேளைகளிற் பொருளைத் திறப்பதில்லை. பொருளின் மேல் இட்ட திரையாகவே அமைகிறது.

தண்டியலங்காரம் பின்வருநிலையணியை மூன்றாக வகுத்தமையும் ஈண்டு எண்ணத்தக்கது. ஒரு சொல்லே வேறு பொருளில் மீளலாம். ஒரு பொருளே வேறு சொற்களில் மீளலாம். சொல்லும் பொருளும் ஒருங்கே மீளலாம். திருக்குறள் வான்சிறப்பின் இரண்டாங் குறளில் ‘துப்பு’ என்னும் அடி பன்முறை வந்து, பரிமேலழகர் உரைப்படி ஓரிடத்தில் உண்பாரையும் ஓரிடத்தில் நன்மையையும் ஓரிடத்தில் உணவையும் உணர்த்துகிறது. கணினிக்கு முதல் வகையும் மூன்றாம் வகையும் வேறுபாடற்றவை. இரண்டாம் வகையோ முற்றாகவே புலப்படாது. விரிந்தது, அலர்ந்தது, மலர்ந்தது எனப் புலவன் ஒரு பொருளையே மும்முறை மீட்டினும், முகிலில் அவை மூன்று சிறு சொற்களாய் மூலைக்கொன்றாய்க் கிடக்கும்.

இனி, ஒருமுறை மட்டும் வரும் சொல்லின் பெருமையை நோக்குவாம். குறுந்தொகைப் புலவருள் சிலருடைய இயற்பெயரை நாம் அறியோம். அவர்கள் பாட்டிலே வந்த ஓர் அரிய தொடரையே பெயராக்கி வழங்கினர்: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார். ஒருமுறை வந்த தொடர் புலவனின் பெயராகவே நிலைத்தமையைச் சொன்முகிற் கொள்கை எவ்வாறு விளக்கும்? மீனெறி தூண்டிலார் பாட்டு எம் பிள்ளைகளுக்கு உயிர். அது குறிஞ்சித் திணைப் பாட்டு. தினைப்புனம் காப்போரின் கவணொலிக்கு அஞ்சி யானை கைவிட்ட மூங்கில், மீன் பிடிப்போன் வீசி மேலே இழுத்த தூண்டிற் கோல்போலச் சட்டென நிமிர்கிறது என்பது அதில் வரும் உவமை. மலையையும் யானையையும் கண்டறியாத எம் பிள்ளைகள் இவ்விடத்திற்கு வந்ததும் வாங்கிலிருந்து எழுந்து, கையாலே தூண்டிலை இழுத்துக் காட்டுவர். கோல் எவ்வாறு வளையும், மீன் கழன்றால் எவ்வளவு விசையோடு நிமிரும் என்பதை எனக்கே கற்பிப்பர். குறிஞ்சியின் நடுவே வந்த அவ்வொரு நெய்தற் சொல்லால் ஈராயிரம் ஆண்டுப் பழமை அகன்றுவிடுகிறது. அப்பாட்டை யான் முகிலாக்கியும் பார்த்தேன். ஏறத்தாழ எல்லாச் சொற்களும் ஒரே அளவினவாய் வந்தன. தூண்டில் ஓர் ஓரத்திலே தலைகீழாய்த் தொங்கியது.

அவ்வாறாயின் இக்கருவியைக் கைவிடுவதா? அன்று. படத்தைக் காட்டிலும் படத்திற்கு முந்திய வேலையே கல்வி. பொத்தானை அழுத்துவதால் அவ்வேலை மாணவன் கையிலிருந்து பறிபோகிறது. ஆதலின் அவ்வேலையை அவன் கைக்கே மீட்டுக் கொடுத்தல் வேண்டும் என்பதே என் வாதம்.

வெளிவாரி மாணவனாகப் பட்டப் பரீட்சைக்குத் தோற்றிய காலத்தில், விரிவுரை கேட்கும் வாய்ப்பு எனக்கு இருக்கவில்லை. பகலிற் கற்பித்து, இரவிலே பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் குறுந்தொகைச் சொற்களை ஒவ்வொன்றாக எழுதி, பாட்டெண் குறித்து, அகரவரிசைப்படுத்தி நூலிற் கோத்து வைத்தேன். அறிஞர்கள் இதனை எமக்கு முன்னரே செய்துள்ளனர், ந. சுப்பிரமணியன் தொகுத்த பல்லவர் காலத்துக்கு முற்பட்ட தமிழ்ச் சொல்லடைவைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1966 இல் வெளியிட்டது. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் பழந்தமிழ்ச் சொல்லடைவு 1967 இற்கும் 1970 இற்கும் இடையில் வெளிவந்தது. அவற்றை யான் அப்போது கண்டதில்லை. கண்டிருந்தால் அந்நாட்காட்டித் தாள்கள் தப்பியிருக்கும். ஆனால் குறுந்தொகை எனக்குக் கைவந்திராது.

இப்போது வகுப்பிலே யான் மேற்கொள்ளும் முறை இது. நூறு சொல்லுக்கு மேற்படாத ஓர் உரைப்பகுதி. ஐவர் கொண்ட குழுக்கள். ஒவ்வொரு சொல்லையும் துண்டுத் தாளில் எழுதி, உருபையும் விகுதியையும் சந்தியையும் கழற்றி, பகுதியின் கீழ்க் குவிக்க வேண்டும். ‘வந்தான்’ என்பதை ‘வா’ என்னும் குவியலில் இடலாமா என்பதிலேயே ஒரு சண்டை மூளும். விகாரம் என்றால் என்ன என்பதை அச்சண்டையின் நடுவிலே சொன்னால் மறக்கமாட்டார்கள். எச்சொற்களை நீக்குவது என்பதையும் குழுவே தீர்மானிக்கும். நீக்கிய ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிவைத்தல் வேண்டும். பின்னர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெரிய தாளில் நீல மையால் எழுதுவர். கடைசியாக ஒரு விதி: ஒருமுறையே வந்தும், அதனை எடுத்துவிட்டால் பகுதி இறந்துவிடும் எனத் தாம் கருதும் சொல் ஒன்றைச் சிவப்பு மையால் தாம் விரும்பிய அளவில் எழுதலாம். அதற்குரிய நியாயத்தைக் கொப்பியில் எழுத வேண்டும். கணினிப் படத்தை இவ்வளவும் முடிந்தபின் காட்டுவேன். அப்போது அவர்கள் அதைக் கண்டு வியப்பதில்லை, பிழை பிடிக்கின்றனர்.

இதற்கு இரண்டு பாடவேளை செல்லும். பாடத்திட்டம் முடியாது, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது என்று சக ஆசிரியர் சிலர் முறையிடுவர். அவர்கள் கவலை போலியன்று. யானும் அதே நேரசூசியிலே வாழ்கின்றேன். மாதம் ஒருமுறைக்கு மேல் இதனைச் செய்வதில்லை. ஆயினும் பகுபதமும் புணர்ச்சியும் வேற்றுமையும் எப்படியும் கற்பிக்க வேண்டியவைதாமே. கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கற்பித்த ஆண்டுகளில் அவை எத்தனை மாணவர் மனத்தில் நின்றன என்பதை விடைத்தாள் திருத்துவோர் அறிவர்.

சுவரிலிருந்த அப்பழைய படத்தைக் கழற்றிவிட்டு, ‘எங்கள் கரை’ என்னும் அதே கட்டுரைகளை வகுப்பிலே உரக்க வாசித்து, கையாலே மறுபடியும் முகில் செய்தோம். அம்மாணவனின் முறை வந்தது. தன் சிவப்புச் சொல்லாக ‘இல்லை’ என்பதைத் தெரிந்தான். அது ஒருமுறை வந்த சொல்லன்று, ஐந்து முறை வந்தது, விதிக்கு முரண் என்று ஒருத்தி எழுந்து வாதாடினாள். நண்பர் சிலர் விதியை விடு, தாளின் நடுவிலே பெரிதாய் எழுதட்டும் என்றனர். அவன் இருவருக்கும் மறுமொழி கூறவில்லை. நீல மையில் பெரிதாய் நின்ற ‘அப்பா’வின் அருகே, வாசிக்கத் தக்க அளவில், மிகச் சிறிதாய் எழுதிவிட்டு வாங்கிற்குத் திரும்பினான்.